நாலாவது அமாவாசை

ஆலங்காயத்தில் ஒரு கல்யாணம். வாணியம்பாடியில் ரயிலை விட்டு இறங்கி, பஸ் பிடித்து, தாலி கட்டுவதற்கு அரை மணி முன்னால் போய்ச் சேர்ந்தேன். மதியப் பந்தியில் உட்கார்ந்தபோது ஒரு இளைஞர் எதிரே கேமராவோடு நின்றுகொண்டு, நான் அப்பளத்தை நொறுக்கும் தருணத்துக்காகக் காத்திருந்தார். கல்யாண போட்டோகிராபர்களுக்கு அப்பளத்தின் மேல் அப்படி என்ன பிரியமோ!

கை கழுவும் இடத்தில் வந்து அறிமுகம் செய்துகொண்டார். பத்திரிகையில் எழுதுகிறவன் என்று யாரோ போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். "சார், ஒரு படம் எடுத்திருக்கேன். பார்த்துட்டு உண்மையைச் சொல்லணும்" என்றார். ஆபத்தான வாக்கியம். கவிதைத் தொகுப்பைக் கையில் கொடுத்துவிட்டு இதையே சொன்ன இரண்டு பேரிடம் உண்மையைச் சொல்லி, இரண்டு பேரையும் இழந்திருக்கிறேன்.

போனை நீட்டுவார் என்று எதிர்பார்த்தேன். பையிலிருந்து பெரிய பிரிண்ட் ஒன்றை உருவினார். பன்னிரண்டுக்குப் பதினெட்டு அங்குலம். சொந்தக் காசில் அச்சடித்துப் பார்க்கிறவர் என்றதும் எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்துவிட்டது.

"இதுவரைக்கும் எத்தனை பேர் பார்த்தாங்க?"

"முந்நூறு பேருக்கு மேல சார். எல்லாரும் சூப்பர்னு சொன்னாங்க."

"ஒருத்தர்கூட குறை சொல்லலையா?"

"இல்ல சார். அதான் பயமா இருக்கு."

இந்தக் கடைசி பதிலுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

*

தை அமாவாசையன்று விடியற்காலை நாலே முக்காலுக்கு, ஊருக்கு வெளியே நின்று தென்கிழக்கே பார்த்து எடுத்த படம். கீழே ஜவ்வாது மலை. மேலே பால்வீதி, நம் பாட்டிகள் சொன்ன ஆகாச கங்கை.

இடத் தேர்வில் ஒரு அதிர்ஷ்டம் இருந்தது. பால்வீதியின் மையம், அதாவது அதன் தடித்த, பிரகாசமான பகுதி, நம் அட்சரேகையில் தென்கிழக்கில்தான் உதிக்கும். ஆலங்காயத்திலிருந்து காவலூர் இருப்பதும் அதே தென்கிழக்கில்தான். ஆசியாவின் பெரிய டெலஸ்கோப்புகளில் ஒன்றை வைத்திருக்கும் ஊர். ஆக, நட்சத்திரக் கூட்டம் எழும்புவதும், அதைப் பார்ப்பதற்காக மனிதன் கட்டிய மண்டபம் இருப்பதும் ஒரே திக்கில். படம் எடுத்தவருக்கு இது தெரியாது. எனக்கும் அன்றைக்குத் தெரியாது, பிறகு வரைபடத்தில் ஸ்கேல் வைத்துப் பார்த்தேன்.

இனி குறைகள். ஒன்று, நட்சத்திரங்கள் புள்ளியாக இல்லை, சின்னச் சின்னக் கோடுகளாக இருந்தன. ஷட்டரை முப்பது விநாடி திறந்து வைத்திருக்கிறார். பூமி சும்மா இருக்குமா? மணிக்கு 15 டிகிரி சுழல்கிறது. முப்பது விநாடியில் ஒரு நட்சத்திரம் நிலாவின் அகலத்தில் சுமார் கால் பங்கு நகர்ந்துவிடும். 500-ஐ லென்ஸின் குவிதூரத்தால் வகுத்தால் வருகிற விநாடிக்குள் முடித்துக்கொள்ள வேண்டும் என்று போட்டோகிராபர்கள் ஒரு குத்துமதிப்பு வைத்திருக்கிறார்கள். அவர் லென்ஸுக்கு அது பதினெட்டு விநாடி.

இரண்டு, ஃபோகஸ். லென்ஸில் முடிவிலி என்று போட்டிருக்கும் குறி வரை திருப்பிவிட்டு எடுத்திருக்கிறார். அந்தக் குறியை நம்பக்கூடாது. ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைத் திரையில் பெரிதாக்கி, அது ஊசிமுனை ஆகும் வரை கையால் திருக வேண்டும். மூன்று, மலை. படத்தின் கீழ்ப் பாதி முழுக்கத் தார் பூசினாற்போல் இருந்தது. அதில் மலை என்று சொல்ல எதுவும் இல்லை.

நாலாவதுதான் எனக்கு முக்கியம். நிறம். வானம் முழுக்க ஊதாவும் நீலமும். இது கேமராவின் குற்றமில்லை, கம்ப்யூட்டரில் ஏற்றியது. இரவு நீலமாக இருக்கும் என்று யார் சொன்னார்கள்? சினிமா சொன்னது. பகலில் எடுத்து ராத்திரி என்று நம்பவைக்க, கலர் படம் வந்த காலத்திலிருந்து நீலத்தை ஊற்றி ஊற்றிப் பழக்கிவிட்டார்கள். பேய் வந்தாலும் நீலம், காதலர்கள் ஓடினாலும் நீலம். அமாவாசை வானத்தை ஒருநாள் அண்ணாந்து பாருங்கள். சாம்பல் கலந்த கறுப்பு. பால்வீதியும் கண்ணுக்கு வெளுத்த புகைபோலத்தான் தெரியும்.

எல்லாவற்றையும் சொன்னேன். கல்யாண மண்டபத்து மொய்க் கவரின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டார். "திருப்பி எடுத்துட்டு வரேன் சார்."

"எப்போ?"

"மாசி அமாவாசை."

*

நிலா இல்லாத ராத்திரி வேண்டும் என்றால் 29½ நாள் காத்திருக்க வேண்டும். கல்யாணப் படத்தில் மாலை மாற்றுவது சரியாக விழவில்லை என்றால், "சார், இன்னொரு தபா மாத்துங்க" என்று சொல்லிவிடலாம். வானத்திடம் அது நடக்காது. இன்னொரு சங்கதி: நட்சத்திரங்கள் தினமும் நாலு நிமிஷம் முன்னதாக உதிக்கும். ஒரு மாதத்தில் இரண்டு மணி நேரம். தையில் நாலே முக்காலுக்குக் கிடைத்த அதே வானம், மாசியில் இரண்டே முக்காலுக்கு, பங்குனியில் பன்னிரண்டே முக்காலுக்கு, சித்திரையில் இரவு பத்தே முக்காலுக்கு. ஒரு படத்தைத் திருத்துகிறவன் ஒவ்வொரு மாதமும் ஊரின் வேறொரு நேரத்தில் போய் நிற்கிறான். இந்தக் கணக்கு பிற்பாடு எங்களை எங்கே கொண்டு விட்டது என்பதைச் சொல்கிறேன்.

மாசிப் படம் கூரியரில் வந்தது. பிரித்ததும் அசந்துபோனேன். கூர்மை, தெளிவு, புள்ளி புள்ளியாக நட்சத்திரங்கள். ஒரு நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது. இது நம்ம ஊர் வானம் இல்லை.

படத்தில் விருச்சிகம் தெரிந்தது. தேளேதான், சந்தேகமே வேண்டாம். ஆனால் மலைக்கு மேலே செங்குத்தாக நின்றது. சிவப்பு நட்சத்திரமான கேட்டை, மலை முகட்டிலிருந்து ஒரு சாண் உயரத்தில். தேளின் வால் மலைக்குள் புதைந்திருந்தது. ஆலங்காயம் வடக்கே பன்னிரண்டரை டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. இங்கே தேள் நிமிர்ந்து நிற்கும் வேளையில் கேட்டை அடிவானத்திலிருந்து ஐம்பது டிகிரிக்கு ஏறியிருக்கும், வால் நுனி வரை முழுசாகத் தெரியும். வால் புதைந்த தேள் ஐரோப்பாவின் தேள். லண்டன்காரர்களுக்குப் பால்வீதி மையம் பத்து டிகிரிக்கு மேல் ஏறவே ஏறாது, நமக்கோ கிட்டத்தட்ட ஐம்பது டிகிரி.

போன் போட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் ஒப்புக்கொண்டார். கூட இருந்த நண்பர், "எல்லாம் ஓகே, ஸ்கை டல்லா இருக்கு, மாத்திடு" என்று யோசனை சொல்லியிருக்கிறார். மாற்றுவதும் இப்போது சுலபம். ஃபோட்டோஷாப்பில் 2020-லிருந்து வானத்தை மாற்றுவதற்கென்றே ஒரு பொத்தான் இருக்கிறது. தட்டினால் மேலே இருப்பதைக் கத்தரித்துவிட்டு, வேறு ஊர் வானத்தை ஒட்டித் தரும். மரக்கிளை இடுக்கெல்லாம் கச்சிதமாக.

"தப்பா சார்?" என்றார். அவர் நியாயமாகத்தான் கேட்டார். பெரிய ஆட்களே செய்திருக்கிறார்களே! 1850-களில் மதராஸ் அரசின் போட்டோகிராபராக இருந்த லின்னேயஸ் டிரைப், மதுரையையும் தஞ்சாவூரையும் 1858-ல் படம் எடுத்தார். அந்தக் காலத்து நெகடிவ் நீல நிறத்துக்கு அளவுக்கு மீறி மசியும். அதனால் வானம் வெறும் வெள்ளையாகப் போய்விடும். டிரைப் உட்கார்ந்து சில நெகடிவ்களின் மேல் வண்ணம் தீட்டி மேகம் வரைந்தார். இன்றைக்கும் மியூசியங்களில் அந்தப் படங்களைப் பார்க்கலாம், மேகம் உட்பட.

ஆன்சல் ஆடம்ஸ் கதை இன்னும் பிரசித்தம். நியூ மெக்ஸிகோவில் ஹெர்னாண்டஸ் என்ற குக்கிராமம். காரில் போய்க்கொண்டிருந்தவர் சாயங்கால வெளிச்சத்தில் கல்லறைச் சிலுவைகள் மின்னுவதையும் மேலே நிலா எழுந்திருப்பதையும் பார்த்து, பிரேக் போட்டு இறங்கி, பெரிய கேமராவை நிறுத்தினார். அவசரத்தில் ஒளி அளக்கும் மீட்டரைக் காணோம். நிலாவின் பிரகாசம் எவ்வளவு என்று மனப்பாடமாகத் தெரியும் என்பதால் அதை வைத்தே கணக்குப் போட்டு ஒன்று எடுத்தார். இரண்டாவது எடுக்கப் பிளேட்டைத் திருப்புவதற்குள் சிலுவைகளின் மேலிருந்த வெயில் போய்விட்டது. திரும்ப எடுக்கும் வாய்ப்பே இல்லாத படம். அதனால் சுமார் நாற்பது வருஷம் திரும்பத் திரும்ப அச்சடித்தார். ஆயிரத்துக்கு மேற்பட்ட பிரிண்ட்டுகள். 1948-ல் நெகடிவின் கீழ்ப் பகுதியை மட்டும் மறுபடி ரசாயனத்தில் ஊறவைத்து அழுத்தம் கூட்டினார். ஆரம்பகால பிரிண்ட்டில் வானத்தில் மேகக் கீற்றுகள் தெரியும். பிற்காலத்தில் அதே வானம் மையிருட்டு.

"அவர் கறுப்பாக்கலாம், நான் மாத்தக் கூடாதா?"

இதற்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு நாள் தேவைப்பட்டது. பதில் அதே படத்தில்தான் கிடைத்தது. ஆடம்ஸுக்குத் தேதி ஞாபகம் இருக்காது, ஆண்டையே மாற்றி மாற்றிச் சொல்லியிருக்கிறார். 1991-ல் டென்னிஸ் டி சிக்கோ என்ற வானியல் பத்திரிகைக்காரர், படத்தில் நிலா எங்கே இருக்கிறது, எந்த இடத்திலிருந்து எடுத்தது என்பதை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டு, 1941 நவம்பர் 1, மாலை 4.49 என்று கண்டுபிடித்தார். ஐம்பது வருஷம் கழித்து நிமிஷம் வரைக்கும்! அவ்வளவு கறுப்பாக்கியும் அந்தப் படம் தன் ஊரையும் நேரத்தையும் மறைக்கவில்லை.

"தம்பி, உங்க மாசிப் படத்தை வச்சு அதே கணக்கைப் போட்டா, நீங்க நின்ன இடம் ஐரோப்பான்னு வரும். ஆலங்காயம் வராது" என்றேன்.

வெளிச்சத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், நிறத்தைச் சரிபண்ணலாம். அங்கே, அந்த ராத்திரி இருந்ததை வைத்துக்கொண்டு எதுவும் செய்யலாம். இல்லாததைக் கொண்டுவந்து ஒட்டினால் அது ராத்திரிப் படம் இல்லை, காலண்டர். டிரைப்பையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அவருக்காவது நெகடிவ் துரோகம் செய்தது. நம்மவருக்கு வானம் தலைக்கு மேலேயே இருந்தது.

*

பங்குனிப் படத்தோடு நேரிலேயே வந்தார், சென்னையில் ஆல்பம் அச்சடிக்கக் கொடுக்க வந்த சாக்கில். இந்தத் தடவை இடம் மாறியிருந்தது. காவலூர் பக்கம் மலையேறி, தெரிந்தவர் ஒருவரின் சாமைக் கொல்லை மேட்டில் நின்று எடுத்திருக்கிறார். ஊர் வெளிச்சம் கீழே தங்கிவிட்டது.

இதில் அவர் செய்த வேலை உண்மையான வேலை. பதினைந்து பதினைந்து விநாடியாகப் பதினாறு படம். பி.காம். படித்தவனுக்கு எதையும் வரவு செலவாகத்தான் புரிந்துகொள்ள வரும், அப்படியே சொல்கிறேன். லென்ஸின் வாயும் ஷட்டர் திறந்திருக்கும் நேரமும்தான் வெளிச்சத்தின் வரவு. ஐ.எஸ்.ஓ. என்கிறார்களே, அதை ஏற்றினால் வரவு கூடாது. வந்ததைப் புத்தகத்தில் பெருக்கி எழுதுகிறோம், அவ்வளவுதான். பெருக்கி எழுதினால் ஆடிட்டர் கண்டுபிடிப்பார் இல்லையா? இங்கே அது படமெல்லாம் மணல் தூவினாற்போலத் தெரியும். பதினாறு படங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்துச் சராசரி எடுத்தால் மணல் நாலில் ஒரு பங்காகக் குறையும். நட்சத்திரம் பதினாறிலும் இருக்கும், மணல் ஒவ்வொன்றிலும் வேறு வேறு இடத்தில் இருக்கும், அதனால் கரைந்துவிடும். ஒட்டு வேலைதான், ஆனால் பதினாறும் ஒரே வானம், ஒரே இடம், ஒரே ராத்திரி. கணக்கு நேராகிறது.

மலைக்கும் தனியாக நாலு நிமிஷம் கொடுத்திருந்தார். அதனால் பாறை பாறையாகத் தெரிந்தது. அடிவானத்தை நடுவிலிருந்து கீழே இறக்கியிருந்தார். நீலம் போய்விட்டது. தேள் சரியான சாய்வில், உதிக்கும் கோலத்தில் படுத்திருந்தது. எனக்குத் திருப்தி. "இனிமே இதுல குறை சொல்ல ஒண்ணும் இல்ல" என்று சொல்லியும் விட்டேன்.

அவர் முகம் மலரவில்லை. "ஒரு குறை வந்திருக்கு சார்" என்றார். ஆலங்காயம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கும் பெரியவரிடம் காட்டியிருக்கிறார். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "சூப்பரா கீதுப்பா. ஆனா இது எந்த ஊரு?"

கோபமாக வந்தது எனக்கு. விருச்சிகத்தின் சாய்வை வைத்து அட்சரேகை சொல்லத் தெரிந்த என்னைவிட டீ மாஸ்டர் பெரிய விமரிசகரா? யோசித்தால், ஆமாம். என் கேள்வி வானத்துக்குப் பாஸ்போர்ட் கேட்டது. அவர் கேள்வி பூமிக்கு. ஒரு பாறை, ஒரு மலை விளிம்பு, மேலே பால்வீதி. இது ஜவ்வாது மலைதான் என்பதற்கு நட்சத்திரக் கணக்கு தெரிந்தவனுக்குத் தவிர வேறு யாருக்கும் அத்தாட்சி கிடையாது. கல்வராயனாக இருக்கலாம், கொல்லிமலையாக இருக்கலாம். உலகம் முழுக்க ராத்திரிப் படங்கள் இப்படி ஒரே மாதிரி ஆகிவிட்டதை நீங்களும் கவனித்திருப்பீர்கள். கீழே ஒரு பாறை, மேலே ஒரு பால்வீதி, நடுவில் டார்ச் அடித்துக்கொண்டு ஒரு ஆள். நானும் அந்த அச்சை நோக்கித்தான் அவரைத் திருத்திக் கொண்டுபோயிருக்கிறேன்.

*

சித்திரை அமாவாசைக்கு நானும் போனேன். கடைசி பஸ்ஸில் போய், கொல்லை மேட்டில் உட்கார்ந்தோம். டார்ச்சுக்குச் சிவப்புக் காகிதம் கட்டியிருந்தார். கண் இருட்டுக்குப் பழக இருபது, முப்பது நிமிஷம் ஆகும். வெள்ளை வெளிச்சம் ஒரு தடவை பட்டால் திரும்ப முதலிலிருந்து.

இந்த மலையில் இருட்டுக்கு ஒரு சரித்திரம் உண்டு. வைணு பாப்பு 1960-களில் தென்னிந்தியாவில் இடம் தேடி அலைந்து, சந்தன மரக் காட்டுக்கு நடுவே இருந்த காவலூரைத் தேர்ந்தெடுத்தார். சுமார் 725 மீட்டர் உயரம், தென் திசை வானம் நன்றாகத் தெரியும், சுற்றிலும் வெளிச்சம் இல்லை. 1968-ல் 38 சென்டிமீட்டர் டெலஸ்கோப்பில் ஆரம்பம். 1972-ல் ஒரு மீட்டர் டெலஸ்கோப் வந்தது. 1977 மார்ச் 10-ம் தேதி யுரேனஸ் கிரகம் ஒரு நட்சத்திரத்தின் குறுக்கே போனபோது, நட்சத்திர வெளிச்சம் முன்னும் பின்னும் மங்கி மங்கி மீண்டது. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று உலகம் தெரிந்துகொண்ட அந்த ராத்திரியில் காவலூரும் கண் விழித்திருந்தது. பெரிய டெலஸ்கோப், 2.34 மீட்டர், 1986 ஜனவரியில் ராஜீவ் காந்தி திறந்துவைத்தார். பாப்பு அதைப் பார்க்கவில்லை. 1982-லேயே போய்விட்டார். டெலஸ்கோப்புக்கும் ஆய்வகத்துக்கும் அவர் பெயர்தான்.

பத்தே முக்கால். தென்கிழக்கே தேள் எழுந்துவிட்டது. பால்வீதி மலை விளிம்பை விட்டு ஏறிக்கொண்டிருந்தது. நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்க, அவர் முக்காலியைத் தூக்கி நேர் எதிர்ப்பக்கம் திருப்பி வைத்தார். வடமேற்கே.

"தம்பி, அந்தப் பக்கம் ஒண்ணும் இல்லையே" என்றேன்.

"ஊரு இருக்கு சார்."

அந்தப் படம் இப்போது என் மேஜை மேல் இருக்கிறது. கீழே அறுத்த சாமைத் தாள், அதற்கப்பால் சரியும் மலை. நடுவில் ஆலங்காயம், கைப்பிடி ஜரிகை போல. அதில் ஒரு வெள்ளை உருண்டை மட்டும் கண்ணைக் குத்துகிறது, பஸ் ஸ்டாண்டு பக்கத்து உயர் கோபுர விளக்கு. ஊருக்கு நேர் பின்னால் வாணியம்பாடியின் வெளிச்சம், சோற்றுப் பானை மேல் ஆவி மாதிரி ஒரு கவிகை. வலது ஓரத்தில் ஆம்பூருக்கும் அப்படியொன்று. இடது ஓரத்தில் ஏலகிரியின் இருண்ட முதுகு. மலைப்பாதையில் ஒரு லாரி இறங்கியிருக்கிறது, அதன் விளக்கு சிவப்பு நூலாக வளைந்து பாதியில் மறைகிறது. மேலே அஸ்தமிக்கப்போகும் புனர்பூசத்தின் இரட்டை நட்சத்திரங்கள், ஊருக்கு நேர் உச்சியில். அவை மங்கலாகத்தான் தெரிகின்றன. அவற்றுக்குக் கீழே நட்சத்திரமே கிடையாது. இருந்தவற்றை அந்த ஆவி தின்றுவிட்டது.

விமரிசகன் என்ற முறையில் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். தாள்கட்டை இன்னும் கொஞ்சம் துலங்கியிருக்கலாம். அடிவானம் அரை டிகிரி சாய்ந்திருக்கிறது. கோபுர விளக்கு வெந்துபோய் விவரமில்லாமல் நிற்கிறது. கடைசிக் குறையைச் சொல்லி, "அதை மட்டும் கத்தரிச்சுடுங்க" என்றேன். மறுத்துவிட்டார். "அது இல்லேன்னா மேல ஏன் நட்சத்திரம் இல்லைன்னு புரியாது சார்." அவர் சொன்னதுதான் சரி. முதல் மூன்று படங்களில் நான் குறை என்று நினைத்து ஒதுக்கச் சொன்ன எல்லாமே, வெளிச்சம், ஊர், லாரி, நாலாவதில் படமாக நிற்கின்றன. நான் படத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன். அவர் எந்தப் பக்கம் பார்க்கவேண்டும் என்பதைத் திருத்திக்கொண்டார்.

தையில் விடிகாலை நாலே முக்காலுக்கு எடுத்ததை நினைத்துப் பாருங்கள். அந்த நேரத்தில் பாதி ஊர் தூக்கம். சித்திரையில் பத்தே முக்காலுக்கு ஊர் விழித்திருக்கிறது. வானத்தில் நட்சத்திரங்களின் இடம் மாறவில்லை, நாம் தான் கீழே விளக்கு போட்டிருக்கிறோம். நாலு அமாவாசை காத்திருந்ததில் கிடைத்த சேதி இது. ஒரே ராத்திரியில் சூப்பர் வாங்கியிருந்தால் கிடைத்திருக்காது.

இன்னொன்று. பழைய சோடியம் விளக்குகளின் மஞ்சள் பெரும்பாலும் சில குறிப்பிட்ட நிறங்களில் அடங்கிவிடும். வானியல்காரர்கள் அதை ஓரளவு வடிகட்டிவிடுவார்கள். இப்போதைய வெள்ளை எல்.இ.டி.யில் எல்லா நிறமும் கலந்திருக்கிறது, அதிலும் நீலம் காற்றில் அதிகமாகச் சிதறும். வடிகட்ட வழியில்லை. மின்சாரம் மிச்சம், நட்சத்திரம் நஷ்டம். விளக்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ராத்திரி பஸ்ஸை விட்டு இறங்கும் பெண்ணுக்கு வெளிச்சம் வேண்டும். ஆனால் அந்தப் பெண் நடப்பது தரையில். விளக்குக்கு ஒரு தொப்பி போட்டுக் கீழ்நோக்கித் திருப்பினால் அவருக்கு அதிகம் கிடைக்கும், ஆகாயத்துக்கு வீணாகப் போவது குறையும். காவலூர் ஆய்வகத்தை நடத்தும் அதே இந்திய வான் இயற்பியல் நிறுவனத்துக்கு லடாக்கில் ஹன்லேயிலும் ஒரு ஆய்வகம் உண்டு. அங்கே 2022-ல் சுற்றுவட்டாரத்தையே இருள்வானக் காப்பகமாக அறிவித்தார்கள், நாட்டிலேயே முதலாவதாக. ஊர்க்காரர்களும் சேர்ந்து விளக்கை அடக்கி வைக்கிறார்கள். ஹன்லேயில் ஆள் குறைவு, அதனால் சுலபம் என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். கஷ்டம் என்பதால்தான் ஆலங்காயத்துக்கு ஒரு படம் தேவைப்படுகிறது.

*

அச்சடித்த படத்தோடு டீக்கடைக்குப் போனோம். பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வடை எண்ணெய் படாமல் இருக்க விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு, படத்தை வாங்கினார். இந்தத் தடவை எந்த ஊர் என்று கேட்கவில்லை. விரலை வைத்துக்கொண்டே போனார். "இது நம்ம பஸ் ஸ்டாண்டு. இது வாணியம்பாடி ரோடு. இன்னா இது, கோபுர லைட்டா?" பிறகு அதற்குப் பக்கத்திலிருந்த ஒரு துளியில் விரல் நின்றது.

"யோவ், என் கடை டியூப்லைட்டு கூடவா மலை மேலேந்து தெரியுது?"

தெரிகிறது என்றார் போட்டோகிராபர். பெரியவர் நிமிர்ந்து கூரைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அந்த டியூப்லைட்டைப் பார்த்தார். அன்றிலிருந்து அணைத்துவிடுகிறாரா என்று கேட்டு எழுதாதீர்கள். கடைசி பஸ் வரும்வரை அவருக்கு வியாபாரம் இருக்கிறது. ஆனால் டியூப்லைட்டுக்கு மேல் ஒரு தகரத்தை வளைத்து அடித்திருக்கிறாராம். மழைக்கு என்று சொல்லிக்கொள்கிறாராம்.